பரணில் இருந்த பித்தளை அண்டா

ஞாயிறு, இரவு.

இந்தப் பெரிய வீட்டில் மாடியிலும் அடுப்படியிலும் இருக்கும் வைஃபை ஸ்பீக்கர் ஒரு வாரமாக விட்டுவிட்டுத்தான் பாடியது. என் வீட்டுக்காரர் காலையில் அதை விற்ற கடைக்காரரிடம் போனில் கத்தினார். வைஃபை பெட்டி அசிங்கமாகத் தெரிகிறதென்று பரணில் பித்தளை அண்டாவுக்குப் பின்னால் தள்ளியவள் நான். அதனால்தான் என்று எனக்கென்ன தெரியும்?

மதியம் நாத்தனார் காதுகுத்துக்கு அண்டா கேட்டு வந்தார். ஸ்டூல் போட்டு ஏறி நாத்தனாரே அதை இறக்கியதும் வீடு முழுக்கப் பாட்டு. பின்னால் மினுங்கிய பெட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"பாத்தியாக்கா, ஒரு சத்தம் போட்டேன், சரியாயிருச்சு" என்றார் இவர். கடைக்காரர் பாவம்.

"ஆமாடா தம்பி" என்ற நாத்தனார், வாசலில் என்னிடம் மட்டும், "விசேசம் முடிஞ்சாலும் அண்டா எங்கிட்டயே கெடக்கட்டும்த்தா" என்றார்.

அம்மா சீராகக் கொடுத்த அண்டா. யாருக்கும் இரவல் தராதவள், ஆட்டோ வரை நானே தூக்கிப்போய் வைத்தேன்.