சாய்ந்து நிற்கும் முத்திரை

ஜூன் 3

மாநாட்டு இணையதளத்தில் ‘வருகையாளர்களுக்கு’ என்ற பக்கத்தை எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. எனக்கு ஆங்கிலம் வரும், ஆராய்ச்சி மாணவி என்பதால் மறுக்க மாட்டேன், பெண். மூன்றாவது காரணத்தை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. “உங்க கையால எழுதினா கொஞ்சம் பதமா இருக்கும்” என்று மட்டும் அரிமுரா சொன்னார். மாநாட்டுக் குழுவின் செயலாளர் அவர்.

செப்டம்பர் 9 முதல் 12 வரை, இங்கே ககோஷிமாவில், எரிமலை ஆய்வாளர்களின் மாநாடு. நூற்று நாற்பது பேர் வருகிறார்கள்.

மூன்று மாலைகள் உட்கார்ந்து எழுதினேன். விமான நிலையப் பேருந்து எந்த வாசலில் நிற்கும், டிராமில் இறங்கும்போது சில்லறையைச் சரியாகப் போட வேண்டும் என்பதெல்லாம் எழுதியாகிவிட்டது. பிறகு சாம்பல்: காற்று நகரப் பக்கம் திரும்பினால் எதிர்க்கரை எரிமலையின் சாம்பல் இங்கே விழும், காண்டாக்ட் லென்ஸைக் கழற்றிவிட்டுக் கண்ணாடி போடுங்கள், குடை எடுத்து வாருங்கள். பிறகு விசா: ‘உங்களுக்கு விசா வேண்டுமென்றால், அழைப்பவர் என்ற முறையில் நாங்கள் தாள்கள் தர வேண்டும். ஒவ்வொரு தாளிலும் ஐந்து பேர் கையெழுத்துக்குப் பதிலாகத் தங்கள் பெயர் முத்திரையைக் குத்த வேண்டும். அதற்கு மூன்று வாரம், தபாலுக்கு இரண்டு வாரம். ஜூலை 1க்கு முன் எழுதுங்கள்.’

எழுதி முடித்தபோது கொஞ்சம் பெருமையாக இருந்தது. நானே ஒரு வெளியூர் மாநாட்டுக்குப் போனால் இப்படி ஒரு பக்கத்தைத்தான் படிக்க விரும்புவேன்.

ஜூன் 9

அரிமுரா கூப்பிட்டார். என் பக்கத்தை அச்செடுத்துச் சிவப்பு மையில் கோடு போட்டு வைத்திருந்தார். சாம்பல் பத்தி முழுவதும் போயிருந்தது. விசா பத்தியும் போயிருந்தது.

“சாம்பல் விழும்னு எழுதி வச்சா யாரும்மா வருவாங்க?”

வருபவர்கள் எல்லாருமே எரிமலைக்காரர்கள்தானே என்றேன்.

“அதுக்காக? விருந்துக்கு வர்றவங்ககிட்ட வாசல்லயே நிறுத்தி எங்க வீட்டுக் கூரை ஒழுகும்னு சொல்லுவீங்களா? அப்புறம் இந்த அஞ்சு முத்திரை. அது நம்ம உள்வீட்டு விஷயம். வெளியாளுக்கு எதுக்கு?”

தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டேன். ஏன் ஆட்டினேன்?

ஜூன் 10

பக்கம் வெளியாகிவிட்டது. சாம்பல் இருந்த இடத்தில் ‘இதமான தட்பவெப்பமும் வெந்நீர் ஊற்றுகளும் உங்களை வரவேற்கின்றன.’ விசா இருந்த இடத்தில் ‘விசா தேவைப்படுவோர் உரிய நேரத்தில் தாமே ஏற்பாடு செய்துகொள்ளுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.’

பணிவுடன்.

ஜூலை 22

பாப்புவா நியூ கினியிலிருந்து கடிதம். ஐரீன் தோவாலி. எரிமலைகள் சூழ்ந்த ரபாவுல் துறைமுகத்தில் பத்தொன்பது வருடமாக நிலம் எவ்வளவு சாய்கிறது என்று அளந்து குறித்துவருபவர். நாட்டுக்கு வெளியே அவரைப் பேசக் கூப்பிட்டது இதுதான் முதல்முறை. செப்டம்பர் 10 காலை அவர் பேச வேண்டும்.

எங்கள் பக்கத்தில் சொன்னபடி தாமே ஏற்பாடு செய்துகொள்ளப் போயிருக்கிறார். தலைநகருக்கு விமானத்தில் போய், தூதரகத்தில் விசா ஜன்னலுக்கு முன் வரிசையில் நின்றபோது, அழைத்தவர்களின் தாள்கள் எங்கே என்று கேட்டிருக்கிறார்கள். ‘உங்கள் பக்கத்தில் அப்படி எதுவும் பார்த்த நினைவில்லை. நான்தான் எதையோ தவறவிட்டுவிட்டேன் போல. மன்னிக்கவும்’ என்று எழுதியிருக்கிறார்.

அவர் மன்னிப்புக் கேட்கிறார். அவர்!

ஜூலை 23

தாள்களைப் பூர்த்தி செய்தேன். மேலே வரிசையாக ஐந்து கட்டங்கள். வலது ஓரத்தில் கடைசியாக என்னுடையது, அடுத்தது அரிமுரா, அதற்கடுத்து அலுவலகத் தலைவர், துறைத் தலைவர் ஃபுகுமோட்டோ சென்செய், இடது ஓரத்தில் டீன். என் முத்திரையைக் குத்தி அரிமுராவின் தட்டில் வைத்துவிட்டேன். அவசரம் என்று ஒரு சீட்டும் ஒட்டினேன்.

ஜூலை 31

இந்நேரம் டீன் மேசைக்குப் போயிருக்கும் என்று நினைத்திருந்தேன். காலையில் வந்து பார்த்தால் தாள் என் மேசையிலேயே கிடக்கிறது. மஞ்சள் சீட்டில் ஒரே வரி: ‘கோணத்தைக் கவனிக்கவும்.’

என்ன கோணம்?

அலுவலகத்து நகாசோனோ அம்மாளிடம் கொண்டுபோய்க் காட்டினேன். முப்பது வருடமாக அங்கேயே இருப்பவர். பார்த்தவுடன் உச்சுக்கொட்டினார். சின்னவர்களின் முத்திரை இடப்பக்கம் சாய்ந்திருக்க வேண்டுமாம், பெரியவர்களின் முத்திரைக்கு வணக்கம் சொல்வதுபோல. என்னுடையது கம்பமாட்டம் நேராக நிற்கிறது.

அதை அன்றைக்கே சொல்லியிருக்கலாமே என்றேன். எட்டு நாள் ஆயிற்றே.

“வாயால சொன்னா உன்னைக் கடிஞ்சுக்கிட்ட மாதிரி ஆயிடுமாம்மா. நீயே உணர்ந்து வந்து எடுத்துக்குவேன்னு தட்டுலயே வச்சிருந்தாரு. நீ வரவே இல்லைன்னதும் பாவம், மனசு கஷ்டப்பட்டுப் போச்சு அவருக்கு.”

பாவமாம். மனசு கஷ்டமாம். அங்க ஒருத்தி பையைக் கட்டி வச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கா, இங்க இவருக்கு முத்திரை குனியலைன்னு மனசு கஷ்டம்!

குத்திய முத்திரையின் மேல் திருப்பிக் குத்தக் கூடாது. புதுத் தாளில் முதலிலிருந்து எழுத வேண்டும்.

ஆகஸ்ட் 1

புதுத் தாள். சாய்த்துக் குத்தினேன்.

இரண்டு எழுத்து, ஒரு சிவப்பு வட்டம். சமேஜிமா. என் அப்பாவின் பெயர், எனக்கும் அதுதான். ஒரு தாளின் மூலையில் அது தலை குனிந்து நிற்கிறது. வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் யாராவது இந்த அலுவலகத்தைத் தோண்டிப் பார்த்தால், இங்கே வாழ்ந்தவர்கள் எல்லாருக்கும் கழுத்தில் ஏதோ கோளாறு என்றுதான் முடிவு செய்வார்கள்.

இந்த முறை தட்டில் வைக்கவில்லை. கையில் எடுத்துக்கொண்டு கிளம்பினேன். மாணவிகள் இப்படி வாசல் வாசலாகப் போவது வழக்கமில்லையே என்று நகாசோனோ அம்மாள் தயங்கினார். தடுக்கவில்லை.

அரிமுரா தாளை வாங்கினார். முதலில் கோணத்தைப் பார்த்தார். பிறகுதான் குத்தினார்.

ஆகஸ்ட் 5

காலை பத்து மணி முதல் டீன் அறை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். மூன்றே முக்காலுக்குக் கதவு திறந்தது.

“எந்த நாடு?”

“பாப்புவா நியூ கினி.”

“ஓ. ரொம்ப தூரம்.”

படிக்காமலே குத்தினார். நாலு நொடி. தபால் நிலையத்துக்கு ஓடினேன். அடுத்த வாரம் ஓபோன், செத்தவர்களை வீட்டுக்கு அழைக்கும் பண்டிகை. அலுவலகத்தில் ஈ காக்கை இருக்காது.

ஆகஸ்ட் 14

ஊரில் இருக்கிறேன். செத்தவர்கள் வழி தெரிந்து வீடு வந்து சேர வாசலில் விளக்கு ஏற்றியிருக்கிறது. அவர்களுக்கு விசா வேண்டாம்.

அம்மா ஏன் உம்மென்று இருக்கிறாய் என்று கேட்டாள். வெயில் என்றேன்.

ஆகஸ்ட் 27

தாள்கள் ஐரீனின் கைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டன. மறுபடியும் தலைநகருக்குப் போயிருக்கிறார். ‘இப்போது காத்திருக்க வேண்டியதுதான். காத்திருப்பதுதானே என் தொழிலும்’ என்று எழுதியிருக்கிறார்.

செப்டம்பர் 8

நூற்று முப்பத்தொன்பது பெயரட்டைகள் எடுத்துக்கொள்ளப்பட்டுவிட்டன. பெட்டியில் ஒன்று மட்டும் இருக்கிறது.

செப்டம்பர் 10

அவருடைய நேரம் வந்தது. மேடையில் அரிமுரா. ‘பேச்சாளர் தரப்புக் காரணங்களால்’ இந்த உரை நடைபெறாது, காபி இடைவேளை பதினைந்து நிமிடம் நீளும் என்று அறிவித்தார்.

பேச்சாளர் தரப்பாம். எந்தத் தரப்புய்யா? எட்டு நாள் உன் தட்டுல கிடந்துச்சே, அது யார் தரப்பு?

இதை எழுதுகிறேன். அங்கே எழுந்து சொல்லவில்லை. நல்ல காபிக்கு நன்றி என்று யாரோ சொல்ல, நான் சிரித்தேன். அரிமுராவைவிட அந்தச் சிரிப்பின் மேல்தான் எனக்கு அதிகக் கோபம்.

செப்டம்பர் 11

மதியம் செய்தி. விசா கிடைத்து, கிடைத்த விமானத்தில் ஏறிவிட்டார். நாளைக் காலை வந்துவிடுவார். மாநாட்டின் கடைசி நாள். கடைசி அமர்வில் ஒரு பதினைந்து நிமிடம் என்னுடையது.

ஃபுகுமோட்டோ சென்செய்யிடம் போய் அதை ஐரீனுக்குக் கொடுக்கச் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“மூணு வருஷ வேலை. நிகழ்ச்சி நிரல்ல உங்க பேரு இருக்காது. யோசிச்சீங்களா?”

“யோசிச்சுட்டேன், சென்செய்.”

யாராவது இதைப் பெருந்தன்மை என்று சொல்லிவிடுவார்களோ என்றுதான் பயம். பெருந்தன்மை இல்லை. அந்தப் பதினைந்து நிமிடம் இன்னொரு காபியாக ஆகிவிடக் கூடாது. அவ்வளவுதான்.

செப்டம்பர் 12

விடியும்போதே காற்று திரும்பிவிட்டது. ஒன்பது மணிக்கெல்லாம் தெரு சாம்பல் நிறம். உலகமெங்குமிருந்து வந்த எரிமலை நிபுணர்கள் சிவந்த கண்களோடு கழிவறைக் குழாய்களுக்கு முன் வரிசையில் நின்றார்கள். லென்ஸ் போட்டவர்கள் அழுதுகொண்டே வந்தார்கள். இதமான தட்பவெப்பம் எங்கே என்று ஒரு இத்தாலியர் என்னிடம் கேட்டார். அரிமுராவிடம் கேளுங்கள் என்று கைகாட்டினேன். அரிமுராவும் ஈரக் கைக்குட்டையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டுதான் நின்றார்.

அப்போது பேருந்திலிருந்து ஒரு பெண் இறங்கினார். கனத்த கண்ணாடி, மூக்கின் மேல் துணி, விரித்த குடை. வாசலில் நின்று குடையைச் சாய்த்து, ஒரு தட்டுத் தட்டிச் சாம்பலை உதிர்த்துவிட்டு உள்ளே வந்தார். பெட்டியிலிருந்த கடைசிப் பெயரட்டையை அவரிடம் கொடுத்தேன்.

பதினைந்து நிமிடம் பேசினார். பத்தொன்பது வருடத்தை ஒரே கோடாக வரைந்து காட்டினார். நிலம் ஒரு மயிரிழை சாய்ந்தாலும் அது எதையோ சொல்கிறது, யாருக்கும் மரியாதை செய்ய அது சாய்வதில்லை என்றார். அரங்கம் சிரித்தது. நான் சிரிக்கவில்லை. முத்திரைக் கதை அவருக்குத் தெரிய வாய்ப்பே இல்லை.

முடிவில் நன்றியுரை. ‘தடைகளைத் தாண்டி நம் விருந்தினரை வரவழைத்தது நம் எல்லாருடைய உழைப்பு’ என்றார் அரிமுரா. எல்லாரும் கைதட்டினார்கள்.

பிறகு ஐரீன் என்னைத் தேடி வந்து கேட்டார்: “உண்மையைச் சொல்லும்மா. அந்தப் பக்கத்துல நான் எதைத் தவறவிட்டேன்?”

சொல்லிவிட்டேன். எழுதினேன், நீக்கினார்கள், நான் தலையாட்டினேன். எட்டு நாளையும் கோணத்தையும் சொன்னேன். இத்தனை மாதத்தில் நான் இதை இன்னொருவரிடம் சொன்னது அப்போதுதான்.

“நீ முதல்ல எழுதினது இருக்கா?”

“இருக்கு.”

“எனக்கு அனுப்பு.”

ஜனவரி 20

ஜூனில் ரபாவுலில் ஒரு சிறிய கருத்தரங்கு. வருகையாளர்களுக்கான பக்கத்தை ஐரீன் எழுதி அனுப்பியிருக்கிறார். என் சாம்பல் பத்தி வரிக்கு வரி அப்படியே இருக்கிறது. அதன் கீழே: ‘விசாத் தாளில் எங்கள் அலுவலகத்தில் இரண்டு பேர் கையெழுத்திட வேண்டும். ஒருவர் அளவெடுக்கப் படகில் போய்விட்டால் நாலு நாள் தாமதமாகும். அதனால் இப்போதே எழுதுங்கள். பதில் வராவிட்டால் என்னைக் கூப்பிடுங்கள்.’ தன் தொலைபேசி எண்ணையும் போட்டிருக்கிறார். தேவையில்லாததை நீக்கிவிட்டு அனுப்பு என்று எனக்கு ஒரு குறிப்பு.

எதையும் நீக்கவில்லை. பேசுபவர்கள் பட்டியலில் மூன்றாவது பெயர் என்னுடையது.

பயண அனுமதித் தாளை எடுத்தேன். அதே ஐந்து கட்டங்கள். என்னுடையதை நேராகக் குத்தி, நானே கொண்டுபோய் அரிமுராவின் கையில் கொடுத்துவிட்டு நின்றேன். தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் நகரவில்லை.

ஜனவரி 29

தாள் வந்துவிட்டது, ஐந்து முத்திரையோடு. அரிமுராவுடையது எப்போதும்போல் இடப்பக்கம் சாய்ந்திருக்கிறது. என்னுடையது நேராக நிற்பதால், அது எனக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டதுபோல் இருக்கிறது.

நகாசோனோ அம்மாள் தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். செல்லும் என்றார்.