கண்ணாடியை எந்தச் சுவரில் மாட்டுவது

பிரபா கண்ணு,

சலூன் சாவி அரிசிப் பானைக்குள் இருக்கிறது. பழைய சோறும் நெத்திலிக் குழம்பும் மூடி வைத்திருக்கிறேன். நான் கிளியனூருக்கு உன் சித்தியைப் பார்க்கப் போகிறேன், சாயங்காலம் வந்துவிடுவேன்.

பத்து மணிக்கு ஆசாரி சுவரில் துளை போட வருவார். கண்ணாடியைத் தெற்குச் சுவரில் மாட்டச் சொல். இப்போது நீ சாய்த்து வைத்திருக்கிற மேற்குச் சுவரில் மாட்டினால், உட்காருகிறவன் முதுகுக்குப் பின்னால் இருக்கிற கடல் முழுக்க அதில் தெரியும். ஞாயிற்றுக்கிழமை மாயவன் பாதிச் சவரத்தில், "ஏம்பா, பின்னால கடல் வருது, எப்படிப்பா கண்ண மூடறது?" என்று முகத்து நுரையோடு எழுந்து ஓடினானே! நீ சிரித்தாய். அலை உங்கப்பாவைக் கொண்டுபோய் ஒன்றரை வருஷம்தான் ஆகிறது. இந்தக் குப்பத்தில் யார் கடலுக்கு முதுகு காட்டி உட்காருவார்கள்?

குழாயையும் லைட்டையும் தெற்குச் சுவருக்கு மாற்ற இரண்டாயிரம் கூட ஆகும் என்று நேற்று கத்தினாய். மேலே அடிக்கப்போகிற ஃபால்ஸ் சீலிங்கை விட்டுவிடு, அந்தப் பணம் போதும். ஆள் வராத கடைக்கு அலங்காரம் எதற்கு?

என் மேல் இருக்கிற கோபத்தில் சாப்பிடாமல் போகாதே.

அம்மா

பி.கு. ஆசாரியை நாளைக்கு வரச் சொல்லிவிடு. நேற்று நீ போன பிறகு சலூன் நாற்காலியில் நான் உட்கார்ந்து பார்த்தேன். கண்ணாடிக்குள் உங்கப்பா ஈர வேட்டியோடு கடலிலிருந்து நடந்து வாசல் வரைக்கும் வந்தார். பயந்துபோய்த் திரும்பிப் பார்த்துவிட்டேன். வாசலில் யாரும் இல்லை. இன்றைக்குச் சாயங்காலம் வந்து இன்னொரு தடவை உட்கார்ந்துகொள்கிறேன். திரும்பிப் பார்க்க மாட்டேன்.