என் முகத்தோடு முன்னே போனவள்

அன்பு மகளுக்கு,

நீயும் மாப்பிள்ளையும் பேரனும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறீர்கள் என்ற நினைப்போடு உட்கார்ந்து எழுதுகிறேன். இங்கே நானும் அப்பாவும் நன்றாக இருக்கிறோம், அப்பாவுக்கு முழங்கால் வலி மட்டும் விட்டபாடில்லை, மாத்திரையை எடுத்துக் கையில் கொடுத்தால்தான் வாய்க்குப் போகும். இதைப் போனில் சொல்லிவிடலாம் என்றுதான் பார்த்தேன், பாதியில் அழுதுவிடுவேன் என்று பயந்து வேறு எதையோ பேசிவிட்டு வைத்துவிட்டேன். குரல் ஏன் ஒரு மாதிரி இருக்கிறது என்று நீ கேட்டதற்குச் சளி என்றேன். சளி இல்லை.

பேரனுக்குப் பள்ளிக்கூடத்தில் குடும்ப மரம் வரைந்து வரச் சொல்லியிருக்கிறார்கள், உன் பக்கத்துப் பெரியவர்கள் பேரெல்லாம் எழுதி அனுப்பு என்று கேட்டாய் அல்லவா, அதில் ஆரம்பித்தது. என் தாத்தா பேருக்கு மேலே எனக்கு ஒன்றும் தெரியாது. ஒற்றைப் பிள்ளையாக வளர்ந்தவள், கேட்கவும் ஆளில்லை. சரி, கல்லில் வெட்டியிருப்பதையாவது பார்த்து எழுதிக்கொண்டு வரலாம் என்று நான் பிறந்த ஊருக்கு ரயில் ஏறினேன். கல்லறைத் தோட்டத்துக் காவல்காரர் என்னைக் கண்டதும் எழுந்து, கால் வலி தேவலையா என்று விசாரித்தார். எனக்குக் கால் வலியே கிடையாது. யாருடைய கல் என்று நான் வாய் திறப்பதற்குள் அவரே முன்னால் நடந்து, நேராக என் அப்பா அம்மா கல்லுக்குக் கூட்டிக்கொண்டு போய் நிறுத்தினார். நான் அங்கே போய் வருஷக்கணக்காகிறது. ஆனால் கல் பாசி இல்லாமல் தேய்த்துக் கழுவியிருந்தது. நீங்கதானேம்மா கழுவினீங்க என்று என்னையே கேட்கிறார். வயதானவர், ஆள் மாற்றி நினைக்கிறார் என்று தலையாட்டிவிட்டு வந்தேன். வீட்டில் சொன்னதும் உன் அப்பா, உன்ன மாதிரி இன்னொருத்தியா, ஊர் தாங்காதே என்று சிரித்தார்.

தாத்தாவின் பிறப்பு விவரம் வேண்டுமே என்று மறுபடி போய்ப் பதிவு அலுவலகத்து ஜன்னலில் நின்றேன். உள்ளே இருந்த குமாஸ்தாப் பெண் நிமிர்ந்து பார்த்துவிட்டு, நீங்க கேட்ட நகல் வந்துருச்சும்மா, ஏன் இவ்வளவு நாள் வரல என்று ஒரு உறையை நீட்டினாள். நான் எதையும் கேட்கவில்லை என்றேன். அவள் என் முகத்தையே பார்த்தாள், பிறகு, நீங்கதானே இதே இடத்துல நின்னு எழுதிக் குடுத்தீங்க என்றாள். பிரித்தேன். நான் பிறந்த தேதி. என் அப்பா பேர், அம்மா பேர். பெண் குழந்தை, இரட்டையரில் மூத்தது, தத்துக் கொடுக்கப்பட்டது. அதன் கீழே என் அப்பாவின் கையெழுத்து. என் பள்ளிக்கூட மார்க் அட்டையில் எல்லாம் போடுவாரே, கடைசி எழுத்தை இழுத்து ஒரு சுழி, அதே சுழி. அங்கிருந்த பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். அம்மா எனக்குத் துணி எடுக்கக் கடைக்குப் போனால் எதையும் இரண்டாகக் கையில் எடுத்து, கொஞ்ச நேரம் வைத்திருந்துவிட்டு ஒன்றைத் திரும்ப வைப்பாள். சிக்கனம் என்று நினைத்து வளர்ந்தவள் நான்.

நகலோடு பின் குத்தியிருந்த விண்ணப்பத்தில் ஒரு போன் நம்பர் இருந்தது. வெளியே வந்து படிக்கட்டிலேயே நின்று அடித்தேன். ஒரு ஆண் குரல் எடுத்தது. வணக்கம், ஒரு விஷயமாகப் பேச வேண்டும் என்றேன், அவ்வளவுதான். "அம்மா?" என்றான். நான் பதறிப்போய் நான் யார், எங்கிருந்து பேசுகிறேன் என்று விளக்க ஆரம்பித்தேன். நான் முடித்த பிறகு, "அம்மா போய் ஒரு மாசம் ஆகுது. நீங்க வைக்காதீங்க, கொஞ்ச நேரம் பேசிக்கிட்டே இருங்க" என்றான்.

ஆமாம் கண்ணு, உனக்கு ஒரு பெரியம்மா இருந்தாள்.

அடுத்த வாரம் அவன் வீட்டுக்குப் போனேன். உன்னைவிட மூத்தவன், உனக்கு அண்ணன் முறை, தச்சு வேலை செய்கிறான், வாசலெல்லாம் மரத்தூள் வாசனை. கதவைத் திறந்தது அவன் மகள், நம் பேரன் உயரம்தான் இருப்பாள். என்னைப் பார்த்ததும் கத்தவில்லை, பயப்படவில்லை. என் வாயையே உற்றுப் பார்த்து, "பாட்டி, பல்லு கட்டிட்டியா?" என்று கேட்டுக் காலைக் கட்டிக்கொண்டாள். பாட்டி ஊருக்குப் போயிருக்கிறாள் என்றுதான் குழந்தையிடம் சொல்லி வைத்திருக்கிறார்கள். அவள் அம்மா வந்து தூக்கிக்கொண்டு உள்ளே போனபின் அவன் எல்லாம் சொன்னான். அக்காவை வளர்த்தது, எங்கள் அம்மாவுக்குப் பிரசவம் பார்த்த ஆஸ்பத்திரி நர்ஸ்தானாம். சாகும்போதுதான் உண்மையைச் சொன்னாளாம். அன்றிலிருந்து அக்கா என்னைத் தேடியிருக்கிறாள், வலிக்கிற காலோடு ஒவ்வொரு அலுவலகமாக. நம் தெரு வரைக்கும் வந்திருக்கிறாள். எதிர்வரிசையில் நின்று, நான் பால்கனியில் பாய் உதறுவதைப் பார்த்திருக்கிறாள். முன்பல் இரண்டும் விழுந்திருந்ததாம். முதல் தடவை பார்க்கப் போகிறவளிடம் இந்த வாயோடா போய் நிற்பது, பல் கட்டிக்கொண்டு போகிறேன் என்று திரும்பிவிட்டாளாம். பல் டாக்டர் அளவெடுத்த வாரத்திலேயே மாரடைப்பு. அன்றைக்கு நான் ஒரு தடவை தெருவைக் குனிந்து பார்த்திருந்தால்! எத்தனையோ நாள் பாய் உதறியிருக்கிறேன், அது எந்த நாள் என்றுகூடத் தெரியவில்லை.

கிளம்பும்போது குழந்தையை உட்கார வைத்து, நான் பாட்டி இல்லம்மா, பாட்டிகூடப் பிறந்தவள் என்றேன். அவள் யோசித்துவிட்டு, அப்ப பாட்டி எப்ப வருவா என்றாள். நான் எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டேன். வாசல் வரை வந்த அவன், "இனிமே வராதீங்கன்னு சொல்ல மனசு வரல. வாங்கன்னு கூப்பிடவும் பயமா இருக்கு" என்றான். அதற்குப் பிறகு நான் அங்கே போகவில்லை. ஆனால் தினமும் சாயங்காலம் அவன் போன் பண்ணுகிறான். எடுத்தால் ஒன்றும் பேசமாட்டான். நானும் கேட்பதில்லை. அப்பா முழங்கால், தண்ணீர் வராதது, பக்கத்து வீட்டுக்காரி சண்டை என்று என் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே போவேன், போதும் என்று தோன்றும்போது அவனே வைத்துவிடுவான். அவன் கேட்டுக்கொண்டிருப்பது என்னை இல்லை என்று எனக்குத் தெரியும். அப்பா இப்போது கேலி பேசுவதில்லை, நான் பேசும்போது டிவி சத்தத்தைக் குறைத்துவிடுகிறார். சில நாள் போனை வைத்தபின், இவ்வளவு நேரம் பேசியது யார் என்று எனக்கே சந்தேகமாக இருக்கிறது.

நான் டாக்டரிடம் போய் இதயத்துக்கு எல்லாம் பார்த்துவிட்டேன், இப்போதைக்குப் பயமில்லை என்றார். நீயும் தள்ளிப்போடாமல் இந்த மாதமே போய்ப் பார், படி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்றாயே, அதையும் மறைக்காமல் சொல். பேரன் கேட்டால் பெரிய பாட்டி என்று ஒரு பேரை என் பேருக்கு முன்னால் எழுதச் சொல். நீங்கள் மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல், ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நீண்ட காலம் இருக்க வேண்டும். படித்ததும் பேசு.

உன்னையே நினைத்திருக்கும்
அம்மா