நான்கடி வேலி

மதிப்பிற்குரிய குடியிருப்போர் சங்கத் தலைவருக்கு,

என் வாசல் செடிவேலி நான்கடிக்கு மேல் வளர்ந்துவிட்டதாக உங்கள் கையெழுத்தோடு நோட்டீஸ் வந்தது. முப்பது வருஷம் என் சமையலறையில் டீ குடித்துவிட்டு, என்னை "அன்புள்ள குடியிருப்பாளரே" என்று எழுத எப்படித்தான் மனம் வந்ததோ! இருக்கட்டும்.

நேற்றுப் பக்கத்து வீட்டு டாப்லி எட்டிப் பார்த்தார். "ஏம்மா, இன்னும் வளந்துச்சுன்னா எதிர்வீடே தெரியாதே?"

"அதுக்குத்தானே தண்ணி ஊத்துறேன்" என்றேன்.

எதிர்வீட்டுப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு உள்ளே போனார். எதிர்வீட்டு மிஸஸ் பாஸ்க்கின் துணிக்கொடியில், நான் உங்களுக்குப் பின்னிய சாம்பல் நிற ஸ்வெட்டர் காய்வதை அவரும் பார்க்கிறாரே.

1911-இல் இந்த ஹார்ன்லி புறநகரைக் கட்டியவர்களின் விதிப்புத்தகத்தை எடுத்துப் படித்தேன். வேலிக்கு மேலாக அடுத்த வீட்டுக்கு ஒரு கோப்பைத் தேநீரை நீட்ட முடியவேண்டும், அதற்காகத்தான் நான்கடி. ஆண்டுக் கூட்டத்தில் நீங்கள் கண்கலங்க வாசிக்கும் வரி. அடுத்த வரியை ஒருநாளும் வாசித்ததில்லை. பதிவேட்டில் பெயருள்ள வீட்டுத் தலைவர்தான் தன் கையால் வேலியை வெட்டவேண்டுமாம்.

இந்த வீட்டுக்குப் பதிவேட்டில் இன்னும் உங்கள் பெயர்தான் இருக்கிறது. கத்தரியைத் தீட்டி வைத்திருக்கிறேன். ஞாயிறு காலை, தேவாலயம் விட்டு ஊரே தெருவில் வரும் நேரத்தில், சாலையைக் கடந்து வாருங்கள்.

அதுவரை வேலி வளரும்.

இப்படிக்கு,
பதினான்காம் எண் வீட்டுக்காரி