மாடி நிற்கட்டும்

என் மூத்த ராசாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே எல்லாரும் நன்றாகவே இருக்கிறோம், அப்பாவின் முழங்கால் மட்டும் மழை வருமுன் முனகுகிறது. கப்பலின் எஞ்சின் அறைச் சூட்டில் நீ எப்படி இருக்கிறாய், உடம்பு தேறியதா, நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா.

சுற்றிவளைக்காமல் சொல்லிவிடுகிறேன். மாடி கட்ட நீ அனுப்பிய பணத்தை எடுத்து உன் தங்கைக்குக் கல்லூரியில் கட்டிவிட்டேன். நீ நடுக்கடலில் இருந்தாய், போனும் எட்டவில்லை, கடிதம் போட்டுப் பதில் வரும்வரை கல்லூரிக்காரன் இடத்தை வைத்திருக்க மாட்டான். அவள் மார்க்குக்குக் கிடைத்த இடம்தான், ஆனாலும் ஆய்வுக்கூடம், பேருந்து, கட்டட நிதி என்று ரசீது மேல் ரசீது. அது என்ன கட்டட நிதி என்றேன், புது மாடி எழுப்புறோம் மேடம் என்றாள் கவுன்டர் பெண். எங்க மாடியை நிறுத்தித்தாம்மா உங்க மாடி எழும்புது என்று சொல்லிவிட்டு வந்தேன். வரிசையில் நின்ற பெண்கள் சிரித்தார்கள். அவர்கள் காதும் கழுத்தும் என்னுடையதைப் போலவே நகையில்லாமல் மூளியாக இருந்தன.

உடனே உன் பெரியப்பா வந்துவிட்டார். பையன் கடல்ல வேகுறான், நீ பொம்பளைப் பிள்ளைக்குப் பட்டம் வாங்கிக் கொடுத்து இன்னொருத்தன் வீட்டுக்கு அனுப்பப் போறியா என்றார். அவன் வேகுறதாலதான் இவளைப் படிக்க வைக்கிறேன் மாமா என்றேன். கப்பலுக்கு நேற்று வந்த பொடியன் பட்டம் இருக்கிற ஒரே காரணத்தால் உன்னை அதட்டுகிறான் என்று எழுதினாயே, அதைப் படித்த ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை. கல்யாணத் தரகரும் வந்து, மாடி இல்லாத வீட்டுக்கு யாரு பொண்ணு தருவாக்கா என்றார். மாடியைப் பார்த்து வருகிறவள் மாடியோடு குடித்தனம் நடத்தட்டும் என்று அனுப்பிவிட்டேன்.

அடுத்த வருஷங்களுக்கு வங்கிக் கடன். மேலாளர் வீட்டுப் பத்திரம் கேட்டார். இந்தத் தொகைக்கு அடமானம் வேண்டாம்னு உங்க சுவரிலேயே எழுதியிருக்கே, அதை அழிச்சிட்டுப் பேசுங்க சார் என்றேன். விண்ணப்பம் தானாக வந்தது. வட்டி கட்டுவதற்காக முன்னறையைத் தையல்காரருக்கு வாடகைக்கு விட்டாயிற்று, நானும் அப்பாவும் சமையலறையில் படுக்கிறோம். ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் ஞாயிறு வேலையும் கேட்டு வாங்கிவிட்டேன், புத்தகச் செலவுக்கு அது போதும். அசலை அவளே வேலைக்குப் போய் அடைக்கட்டும், இரக்கப்பட்டு நீ இரட்டை ஷிப்ட் பார்த்தாயோ, அனுப்புகிற பணத்தைத் திருப்பி அனுப்புவேன்.

எங்கேயும் போகாத மாடிப்படியைப் பார்த்துத் தெருவே சிரிக்கிறது. உன் தங்கை அதன் உச்சியில் உட்கார்ந்துதான் படிக்கிறாள், காற்று நன்றாக வருகிறதாம். தூணில் நீட்டிக்கொண்டிருக்கிற கம்பியை அறுத்துடவா என்று கொத்தனார் கேட்டார். அறுத்தால் அப்புறம் மேலே கட்ட முடியாதாமே, தொடாதே என்றேன். துருப் பிடிக்காமல் சிமென்ட் பால் பூசிவிட்டுப் போனார். ஆனால் அவள் முடித்ததும் முதலில் மாடி இல்லை, நீ பாதியில் விட்ட படிப்பு. வயசாயிடுச்சும்மா என்று மட்டும் எழுதாதே, உன் வயதைப் பெற்றவளுக்குத் தெரியும்.

காற்றும் கடலும் உன்னைப் பத்திரமாக வைத்திருக்கட்டும். நீ கரைக்கு வந்ததும் பெரியப்பா போன் செய்தால், அம்மா என்னைக் கேட்டுத்தான் செய்தாள், எல்லாம் எனக்குத் தெரியும் என்று சொல். கேட்டது பொய்யானாலும், இந்தக் கடிதம் உன் கையில் இருக்கிறதே, தெரியும் என்பது இனி பொய் இல்லை.

உன்னையும் அவளையும் ஒரே வயிற்றில் சுமந்த
அம்மா