மழைக்கோட்டு வாங்கப் போன இடத்தில்

அன்புள்ள மகனுக்கு அம்மா எழுதுவது. நானும் உன் மனைவியும் கைகால் சுகத்தோடு இருக்கிறோம். நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்க இன்று மனசு வரவில்லை, ஏன் என்று படித்தால் உனக்கே தெரியும்.

நீ பணம் கட்டி எங்கள் இரண்டு பேரையும் அனுப்பிவைத்த சுற்றுலாவில் இன்றைக்கு வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. வழிகாட்டி விடாப்பிடியாக அரண்மனை, பாலம், கோபுரம் என்று இழுத்துப்போனார். கோபுரத்தில் பாதியை மேகம் மூடியிருந்தது, இருந்தாலும் எல்லோரும் போட்டோ எடுத்துக்கொண்டார்கள். மத்தியானம் கடைத்தெருவில் இறக்கிவிட்டார்கள். உன் மனைவி தொப்பலாக நனைந்து நடுங்கினாள், மழைக்கோட்டு வாங்கித் தரலாம் என்று ஒரு கடைக்குள் கூட்டிப்போனேன். போட்டுப் பார்க்கிற அறையில் ஜிப் மாட்டிக்கொண்டது, அத்தை என்று கூப்பிட்டாள், போனேன். ஈரச் சட்டை மேலே ஏறியிருந்தது. முதுகு பூராவும் பெல்ட்டுத் தடம், நடுவில் பக்கிளும் பதிந்திருக்கிறது. கதவில் இடித்துக்கொண்டேன் என்றாள். எந்தக் கதவுலடி பக்கிள் இருக்கு என்று கேட்டேன். அழுதுகொண்டே, அவர் நல்லவர்தான் அத்தை, கோவம் வந்தாதான் இப்படி என்றாள். கோபம் எனக்கு வராததா? கறிக்கடை நடத்துகிறவள், தினமும் கத்தி கையிலேயே இருக்கிறது, அத்தனை வாய்ச்சண்டையிலும் ஒரு மனுஷன் மேல் அது பட்டதில்லை.

வெளியே வந்து பஸ்ஸுக்கு நின்றோம். பக்கத்தில் ஒரு ஆளும் அவன் பெண்டாட்டியும். அவள் வைத்திருந்த காகிதப் பை நனைந்து கிழிந்து கண்ணாடிச் சாமான் விழுந்து நொறுங்கியது. அவன் அவள் முடியைக் கொத்தாகப் பிடித்து முகத்தைக் கடை ஷட்டரில் திரும்பத் திரும்ப மோதினான். தள்ளி நின்றிருந்த உன் மனைவி இரண்டு கையாலும் தன் தலையைப் பொத்திக்கொண்டு அப்படியே தண்ணீரில் உட்கார்ந்துவிட்டாள். அதைப் பார்த்ததும் எனக்கு நிதானம் போய்விட்டது. குடையை மடக்கி அவன் பிடரியில் போட்டேன், திரும்பினான், மூக்கில் போட்டேன். குடை ஒடிந்தது, ஒடிந்த முனையால் கன்னத்தைக் கிழித்தேன், விழுந்தவனை விலாவில் மிதித்தேன். மழைத்தண்ணீரோடு ரத்தம் சாக்கடைக்கு ஓடியது. அடிக்க அடிக்க உன் செல்லப்பெயரைச் சொல்லித்தான் திட்டினேனாம், உன் மனைவி பிறகு சொன்னாள்.

அந்தப் பெண் என்ன செய்தாள் தெரியுமா, உதடு கிழிந்து வழிய வழிய ஓடிவந்து என்னைத் தள்ளிவிட்டு அவன் முகத்தைத் துடைத்தாள், என் மேல் காறித் துப்பினாள். போலீஸ் வந்து என்னை உட்காரவைத்து, அந்த இரண்டு பேரும் புகார் இல்லை என்றதும் விட்டார்கள். திரும்பி வரும்போது பஸ்ஸில், நானும் அதையேதான் செஞ்சிருப்பேன் அத்தை என்றாள் உன் மனைவி. அவன்கிட்ட திரும்பிப் போறியா, என்கூட வர்றியா என்று கேட்டேன். அறைக்கு வந்து தலை துவட்டி முடித்தாள். பிறகு, உங்ககூட வர்றேன் என்றாள்.

அதனால் அவளை எதிர்பார்த்து விமான நிலையத்துக்கு வராதே. அவள் துணிமணியும் படிப்புச் சான்றிதழ்களும் பத்திரமாக என் முகவரிக்கு வந்துசேர வேண்டும், மறக்காதே. போன் செய்து அவளை அழவைக்காதே. என்னைப் பார்க்க வந்தால் கடை வாசலில் நின்று கூப்பிடு, அவள் சரி என்று சொல்லாமல் உள்ளே கால் வைக்காதே. வேளைக்குச் சாப்பிடு. உன் கை அடங்கட்டும், இப்போதைக்கு என் ஆசீர்வாதம் அவ்வளவுதான்.

இப்படிக்கு,
உன்னைப் பெற்றவள், இனி அவளுக்கும் அம்மா