வாசல் பலகையில் என் கால்

ஜூன் 3, இரவு 10:50

இது உங்கள் கையில் கிடைத்தால், தயவுசெய்து யாரிடமும் காட்டிவிடாதீர்கள். டீச்சரிடம் வேண்டாம். அலுவலகத்தில் வேண்டவே வேண்டாம். படித்துவிட்டு அழித்துவிடுங்கள்.

இது என் பள்ளி டேப்லெட்டில் செடி வளர்ப்புக் குறிப்பு எழுதும் பக்கம். டீச்சர் 'செடி' என்று தொடங்கும் வரியை மட்டும்தான் பார்ப்பார். அதனால் முதலில் அதை எழுதிவிடுகிறேன்.

செடி: தட்டைப்பயறு. உயரம் பதினொரு செ.மீ. இலைகள் ஆறு. வாடல் இல்லை.

இனி நான் எழுத வந்தது.

என் பெயர் ஜோவிட்டா. எட்டாம் வகுப்பு. நிலவின் தென்துருவத்தில் நிழல்குடி என்ற ஊரில் நானும் அம்மாவும் இருக்கிறோம். அப்பா நான் பிறக்கும் முன்பே பூமிக்குத் திரும்பிவிட்டார். அங்கே அவருக்கு வேறு குடும்பம் இருக்கிறது. இங்கே வெயில் விழாத ஒரு பெரிய பள்ளத்தில் பனிக்கட்டி வெட்டுகிறார்கள். அம்மாவுக்கு அதில் நைட் ஷிப்ட். அம்மா பெயர் ரெஜினா.

வெளியே எப்போதும் இருட்டுதான். ஊருக்குள் விளக்கைக் குறைத்தால் அது இரவு. வெறும் விளக்குக் கணக்குதானே என்று கேட்டால், "உடம்பை ஏமாத்த முடியாதுளா" என்பாள் அம்மா.

எல்லா வீட்டு வாசலிலும் தரையோடு பதித்த எடைப் பலகை உண்டு. வேலைக்குக் கிளம்புகிறவர் அதில் ஏறி நின்றால்தான் கதவு திறக்கும். எடை பூமிக் கணக்கில் தெரியும், அப்படியே பதிவாகிவிடும். அம்மாவின் உயரத்துக்கு நாற்பத்தெட்டு முதல் ஐம்பத்தெட்டு வரை பச்சை. குறைந்தாலும் கூடினாலும் சிவப்பு. தொடர்ந்து மூன்று நாள் சிவப்பு என்றால் வேலை இல்லை. அம்மாவை உடம்பு தேற்றும் கூடத்துக்கு அனுப்புவார்கள். என்னை நிலவின் மறுபக்கத்தில் இருக்கும் விடுதிக்கு அனுப்புவார்கள். போன வருடம் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஸ்டெனிலாவை அப்படித்தான் அனுப்பினார்கள். போனதும் ஒரு செய்தி போட்டாள். அதில் "இங்க லைட்ட அணைக்கவே மாட்டாங்க" என்று மட்டும் இருந்தது. பிறகு ஒன்றுமே வரவில்லை.

நைட் ஷிப்டுக்கு வந்த புதிதில் அம்மாவுக்கு எடை ஏறியது. நடுராத்திரி மூன்று மணிக்கு இனிப்புக் கஞ்சி. பகலில் தூக்கம் வராமல் படுத்துக்கொண்டே பொட்டுக்கடலை. எண் ஐம்பத்தொன்பதைத் தொட்டதும் டாக்டரம்மா அவள் சாப்பாட்டுப் பங்கைப் பாதியாக்கிவிட்டார். அப்போது பிடித்த பயம் இன்னும் போகவில்லை. இப்போது உடம்பு மறுபக்கம் ஓடுகிறது. அம்மாவுக்கோ கூடிவிடுமோ என்றுதான் பயம்.

நேற்று சிவப்பு. இன்றும் சிவப்பு. நாளை மூன்றாவது.

ஜூன் 4, இரவு 11:05

செடி: பதினொன்றரை செ.மீ. இலைகள் ஆறு. வாடல் இல்லை.

செய்துவிட்டேன்.

அம்மா பலகையில் ஏறியதும் சாப்பாட்டு டப்பாவைக் கொடுப்பதுபோல் போய்க் கட்டிக்கொண்டேன். அப்படியே வலது காலின் முன்பாதத்தைப் பலகையின் ஓரத்தில் வைத்து அழுத்தினேன். எண் நாற்பத்தேழில் கொஞ்சம் ஆடி, நாற்பத்தெட்டரையில் நின்றது. பச்சை விழுந்தது.

"என்னளா, இன்னிக்கு இவ்வளவு பாசம்" என்றாள். பிறகுதான் எண்ணைப் பார்த்தாள். "பாத்தியா? நீ வச்ச பருப்புக்கஞ்சி உடம்புல ஒட்டிட்டு."

அம்மா சிரித்து ரொம்ப நாளாகியிருந்தது. சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் கதவு மூடிவிட்டது.

ஜூன் 5, காலை 6:15

செடியைப் பிறகு அளக்கிறேன். அம்மா குளிக்கப் போயிருக்கிறாள்.

எடைப் பலகை கதவுக்கு வெளியேயும் நீண்டிருக்கும். வெளியே யார் நின்றாலும் அவர் எடை உள்ளே கதவின்மேல் தெரியும். இந்த எண் எங்கும் பதிவாகாது, வீட்டுக்காரர் பார்ப்பதற்கு மட்டும். அதைப் பார்த்தே யார் என்று தெரிந்துகொண்டு திறந்துவிடுவோம். ஊரில் யாரும் கதவைத் தட்டுவதில்லை. எழுபத்தொன்று என்றால் மரியதங்கம் அக்கா. அவர்தான் ஷிப்டில் அம்மாவுக்கு ஜோடி. அம்மாவை வாசல்வரை கொண்டுவந்து விடும்போது சும்மா எங்கள் பலகையில் ஒரு கால் வைத்து எண்ணை ஏற்றி, "ஏளா ஜோவி, உங்கம்மா ஒரே ராத்திரியில எப்படிப் பெருத்துட்டா பாரு" என்று சிரிப்பார். எனக்கு அந்த யோசனை வந்தது அதிலிருந்துதான்.

இன்று அம்மா தனியாக வந்தாள். எண் நாற்பத்தாறரை.

ஜூன் 9, இரவு 10:40

செடி: பதின்மூன்று. இலைகள் எட்டு. வாடல் இல்லை.

தினமும் கால் வைக்கிறேன். தினமும் பச்சை. இது கொஞ்ச நாளைக்குத்தான். அதற்குள் அம்மாவை நிஜமாகவே நாற்பத்தெட்டுக்குக் கொண்டுவந்துவிட்டால் நான் காலை எடுத்துவிடலாம். எடுத்தால் யாருக்கும் தெரியாது.

சுகாதாரப் பாடத்தில் படித்ததை வைத்து ஒரு முறை போட்டிருக்கிறேன். ராத்திரி வேலைக்குப் போகிறவர்கள் பெரிய சாப்பாட்டைக் கிளம்பும் முன்பே சாப்பிட்டுவிட வேண்டும். நள்ளிரவில் வயிறு அரைத்தூக்கத்தில் இருக்கும். அப்போது சுண்டல் மாதிரி கொஞ்சம் போதும், ஆனால் அதை விடக்கூடாது. மூன்று மணிக்கு இனிப்பு கூடாது. ஷிப்டின் கடைசியில் காபி கூடாது. வீட்டுக்கு வந்ததும் லேசாகக் கஞ்சி குடித்துவிட்டு இருட்டில் படுக்க வேண்டும். நான் பள்ளிக்குக் கிளம்பும்போது கூடத்து விளக்குக்கு என் பழைய பாவாடையைப் போட்டு மறைத்துவிடுகிறேன்.

சாயங்காலம் சோறும் முருங்கைக்கீரைப் பருப்பும் செய்தேன். அம்மா இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டுத் தட்டை என் பக்கம் தள்ளினாள். எழுந்தவுடனே சோறு இறங்காதாம். நள்ளிரவில் சாப்பிட்டுக்கொள்வாளாம். சுண்டலை டப்பாவில் அமுக்கி அமுக்கி வைத்தேன்.

ஜூன் 10, இரவு 12:35

பிள்ளையைத் தனியாக விட்டுவிட்டு ஷிப்டுக்குப் போகிறவர்களுக்கு ஒரு ஒலிப்பெட்டி கொடுப்பார்கள். வேலை நடக்கும் இடத்தில் பேசுவது வீட்டில் கேட்கும். நள்ளிரவில் சாப்பாட்டுக்கு மட்டும் காற்று அடைத்த வண்டி ஒன்று பள்ளத்துக்குள் வந்து போகும்; அதில் பேசுவதும் கேட்கும். நாம் பேச முடியாது. எனக்கு அதைக் கேட்டுக்கொண்டே தூங்கிப் பழக்கம். இன்று கேட்டதை எழுதி வைக்கிறேன்.

"ஏளா ரெஜினா, டப்பாவைத் திறக்கலியா?"

"பசிக்கலக்கா."

"உன் பொண்ணு கட்டுன சுண்டல். மணம் மூடியத் தாண்டி இங்க வருது."

"வீட்டுக்குக் கொண்டுபோறேன். பள்ளிக்கூடத்துல போடுத சாப்பாடு அவளுக்குக் காணாது. வளர்ற புள்ள."

"அப்ப நீ தேயுற புள்ளயா?"

"கதவு பச்சை காட்டுதுல்லா. ஒரு வாரமா ஏறுது. இப்பவே வாயக் கட்டலேன்னா அந்த டாக்டரம்மா மறுபடியும் பாதிக் கஞ்சின்னு எழுதிருவா."

"கதவு பச்சை காட்டுதுன்னு சொல்லுத. மூஞ்சி வேறல்லா காட்டுது."

அம்மா சிரிப்பது கேட்டது. நான் பெட்டியை அணைத்துவிட்டேன்.

நேற்றும் முந்தாநாளும் காலையில் நான் சாப்பிட்ட சுண்டல், ஷிப்டில் மிஞ்சியது என்று சொன்னாள். இரண்டு நாளும் நான் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

ஜூன் 16, இரவு 11:20

செடி: பதினாறு. இலைகள் பத்து. வாடல் இல்லை.

காலையில் அம்மாவின் எண் நாற்பத்தைந்து. நேற்று பள்ளித் தராசில் நான் ஒரு கிலோ கூடியிருந்தேன். டீச்சர் எல்லோர் முன்னாலும் "நல்லா வளர்ற" என்றார்.

இன்று மீந்த சுண்டல் வேண்டாம் என்றேன். வயிறு சரியில்லை என்று பொய் சொன்னேன். அம்மா பயந்துபோய் என்னைப் பள்ளிக்கே அனுப்பவில்லை. பகலெல்லாம் தூங்காமல் என் வயிற்றில் எண்ணெய் தடவிக்கொண்டே இருந்தாள். அந்தத் தூக்கமும் என்னால் போயிற்று.

உண்மையைச் சொன்னால், அம்மா உடனே என் காலைத் தள்ளிவிடுவாள். மூன்றே நாளில் விடுதி. சொல்லாவிட்டால், பச்சையைப் பார்த்துவிட்டுச் சாப்பாட்டைக் குறைப்பாள். எதைச் செய்தாலும் அம்மாதான் குறைகிறாள். நாளை சொல்லிவிடுவேன். நேற்றும் இப்படித்தான் எழுத நினைத்தேன்.

ஜூன் 23, இரவு 10:30

செடி: பத்தொன்பது. அடி இலை ஒன்று மஞ்சள்.

காலையில் நாற்பத்துமூன்று.

இன்று முன்பாதம் போதவில்லை. முழுக்காலையும் வைத்தேன். பயத்தில் அதிகமாக அழுத்திவிட்டேன். எண் ஐம்பத்தொன்றில் போய் நின்றது. அம்மா முகம் வாடிவிட்டது.

"ஐயோ, திரும்பவும் ஏறுது. நாளையிலருந்து ராத்திரிச் சாப்பாடே வேண்டாம்மா, என்னளா?"

"சாப்பிடும்மா" என்றேன். கட்டிக்கொண்டபோது முதுகெலும்பு கையில் தட்டுப்பட்டது. கழுத்தில் சோப்பு வாசனை. டப்பாவை என் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டாள். இதோ, மேசைமேல் இருக்கிறது. இன்னும் சூடு ஆறவில்லை.

ஜூன் 24, இரவு 12:50

ஒலிப்பெட்டி:

"ஏளா, ஏன் இப்படி நடுங்குத? பல்லு அடிக்கிறது எனக்குக் கேக்கு."

"உடுப்புல சூடே இல்லக்கா. கை மரத்துப்போச்சு."

"எனக்கு நல்லாத்தானே இருக்கு. இன்னிக்குக் கதவு என்ன காட்டுச்சு?"

"ஐம்பத்தொண்ணு."

"அதான் பாரு. அந்த எண்ணை வச்சுத்தான உடுப்பு சூடு குடுக்கும். ஆள் கனமா இருந்தா தன் உடம்புச் சூடே தாங்கும்னு இது குறைச்சுக்கிடும். உனக்கு ஐம்பத்தொண்ணுன்னு எந்தப் பலகை சொல்லுச்சு? கண்ணாடியில பாத்தியா உன்ன?"

"சரி சரி. இந்த வரிசையை முடிச்சுட்டு மேல ஏறிருதேன்."

எண் அலுவலகத்துக்கு மட்டும்தான் போகிறது என்று நினைத்திருந்தேன். உடுப்புக்கும் போகும் என்று யாரும் சொல்லித் தரவில்லை. இருபது நாளாக ஒவ்வொரு ராத்திரியும் அம்மாவின் சூட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக நான்தான் குறைத்திருக்கிறேன். இன்று ரொம்பக் குறைத்துவிட்டேன்.

1:10

கதவருகே அவசரப் பொத்தானை அமுக்கினேன். அலுவலகத்தில் ஒருவர் பேசினார். அப்படியே எழுதுகிறேன்.

"சொல்லுங்க."

"சார், எங்க அம்மா ரெஜினா, பனிப் பள்ளத்துல இருக்காங்க. அவங்க எடை தப்பு. நாற்பத்துமூணுதான். உடுப்புக்குச் சூட்டைக் கூட்டச் சொல்லுங்க."

"யாரும்மா பேசறது? வீட்ல பெரியவங்க இல்லையா?"

"நான்தான் பலகையில காலை வச்சேன். தினமும் வச்சேன் சார். என்னை விடுதிக்குக்கூட அனுப்பிருங்க."

"பாப்பா, பதிவுல ஐம்பத்தொண்ணு இருக்கு. மூணு வாரமா பச்சை. கெட்ட கனவு கண்டுருப்ப. தண்ணி குடிச்சுட்டுத் தூங்கு."

மறுபடி அமுக்கினேன். அவரே எடுத்தார். மூன்றாவது தடவை யாரும் எடுக்கவில்லை. விளக்கு குறைந்த பிறகு, வெளியே பெரியவர் யாராவது நின்றால் ஒழிய, சிறுவர்களுக்குக் கதவு திறக்காது. பலகையில் ஏறிக் குதித்துப் பார்த்தேன். முப்பத்தேழு. சிவப்பு.

1:35

"ரெஜினா, மேல வா. போதும்."

"வாரேன்க்கா. ஒரு நிமிஷம் உக்காந்துட்டு."

"உக்காராத. உக்காராதளா. என்னைப் பாரு."

"தூக்கம் வருதுக்கா. பகல்ல வராத தூக்கமெல்லாம் இப்பத்தான் வருது."

"ஜோவிகிட்ட என்ன சொல்லணும், சொல்லு. பேசிக்கிட்டே இரு."

"சுண்டல்ல உப்பு சரியா இருந்துச்சுன்னு சொல்லுங்க."

அம்மா அந்தச் சுண்டலைச் சாப்பிடவே இல்லை.

1:50

அக்கா கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறார். ரெஜினா, ரெஜினா. தூக்குகிறேன், பிடித்துக்கொள் என்கிறார். மூச்சு வாங்குகிறது. அது அக்காவின் மூச்சு. ஒருவருடைய மூச்சு மட்டும்தான் கேட்கிறது.

2:05

பெட்டியில் சத்தமே இல்லை. பள்ளத்தைவிட்டு மேலே வந்துவிட்டால் கேட்காது. அதனால் மேலே வந்துவிட்டார்கள். அப்படித்தான் இருக்கும்.

கஞ்சி வைத்துவிட்டேன். விளக்குக்குப் பாவாடை போட்டுவிட்டேன். அம்மா வந்ததும் முதலில் சொல்லிவிடுவேன். அடித்தால் அடிக்கட்டும். விடுதிக்கு நானே பையை எடுத்துக்கொண்டு போவேன். அங்கே விளக்கை அணைக்காவிட்டாலும் பரவாயில்லை.

2:40

கதவின் மேலேயே பார்த்துக்கொண்டிருக்கிறேன். அக்கா அம்மாவைத் தாங்கிக்கொண்டு வந்தால் இரண்டு பேரும் சேர்ந்து பலகையில் நிற்பார்கள். எழுபத்தொன்றும் நாற்பத்துமூன்றும். நூற்றுப்பதினான்கு. எண் ஒளிர்ந்ததும் திறந்துவிடுவேன். மாதாவே, நூற்றுப்பதினான்கு. நூற்றுப்பதின்மூன்று என்றாலும் சரி.

2:58

பூட்ஸ் சத்தம் கேட்கிறது. மெதுவாக வருகிறது.

எங்கள் வாசலில் நிற்கிறது.

எண் வந்துவிட்டது.

எழுபத்தொன்று.

அம்மா பின்னால் நடந்து வருவாள். இன்னும் பலகையில் ஏறியிருக்க மாட்டாள். எழுபத்தொன்று. ஏறட்டும். நான் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். எழுபத்தொன்று. அக்கா ஏன் ஒன்றும் பேசாமல்

கதவைத் தட்டுகிறா